சராசரி சொல்லாத உண்மை

நெய்யாற்றைக் கடக்க வந்த கணக்கர் ஒருவர், அங்கங்கே கோலை விட்டு ஆழம் பார்த்தாராம். எல்லாவற்றையும் கூட்டி வகுத்து, “சராசரி ஆழம் மூன்றடி, என் உயரமோ ஐந்தரை அடி” என்று துணிந்து இறங்கினாராம். நடு ஆற்றில் எட்டடி ஆழம். கணக்குச் சரியாகவே இருந்தது. கணக்கர்தாம் கரை சேரவில்லை. ஆற்றின் பெயரை மட்டும் மாற்றி ஊர்தோறும் சொல்லப்படும் பழங்கதை இது. சராசரி பொய் சொல்வதில்லை. ஆனால், எந்தக் கேள்விக்கு அதை விடையாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே நன்மையும் தீமையும் விளைகின்றன.

மின்சாரத்திலும் இத்தகைய கணக்கு உண்டு. நெய்யாற்றின்கரை தொடங்கி அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குச் செல்லும் சாலையை நண்பர்கள் அறிவீர்கள். அவ்வழியிலுள்ள பழுதுபார்க்கும் கடைகளுக்கு இன்று வரும் கருவிகளைப் பாருங்கள்: மின்வெட்டின்போது விளக்கெரிக்கும் இன்வெர்ட்டர், ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் இயலும் எல்.இ.டி. விளக்கு, மின்சார ஆட்டோவின் கட்டுப்பாட்டுப் பெட்டி. நெய்யாற்றின்கரை ஆறாலும்மூட்டிலுள்ள கேரள அரசின் கேரளா ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் 2019-இல் ‘நீம்-ஜி’ என்ற மின் ஆட்டோவை அறிமுகப்படுத்தியதும் நினைவிருக்கலாம். உருவத்திலும் விலையிலும் வேறுபட்ட இக்கருவிகளுக்குள்ளே ஓர் உத்தி பொதுவாக இருக்கிறது. மின்சாரத்தை ஒரே சீராக விடாமல், துடிப்புத் துடிப்பாக விடுவதே அந்த உத்தி. அந்தத் துடிப்பு மின்சாரத்தை எப்படி அளப்பது? விலையுயர்ந்த கருவி இல்லாத மாணவர் அதைக் கணிப்பொறியில் எப்படி ஆராய்வது? இவ்விரண்டையும் இங்கே காண்போம்.

விட்டுவிட்டு வரும் மின்சாரம்

12 வோல்ட் பாட்டரியில் எரியும் விளக்கொன்றின் ஒளியைக் குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில், விளக்கோடு ஒரு மின்தடையைத் தொடராக இணைப்பார்கள். ஒளி குறையும், ஆனால் மீதி ஆற்றல் அந்தத் தடையில் வெப்பமாக வீணாகும்.

புதிய முறை வேறு. டிரான்சிஸ்டரை ஒரு சுவிட்சாகக் கொண்டு, விநாடிக்கு ஆயிரம் முறையோ அதற்கு மேலோ மின்சாரத்தைத் திறந்து மூடுகிறார்கள். திறந்திருக்கும்போது சுவிட்சின் குறுக்கே அழுத்தம் மிகக் குறைவு. மூடியிருக்கும்போது அதன் வழியே ஓட்டமே இல்லை. எனவே இரு நிலைகளிலும் சுவிட்சில் வீணாகும் ஆற்றல் சிறிதே. ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை மாற்றினால், விளக்குக்குச் செல்லும் ஆற்றல் கூடும் அல்லது குறையும். துடிப்பின் உயரம் மாறுவதில்லை; அகலமே மாறுகிறது. ஆகவே இதனைத் துடிப்பகலப் பண்பேற்றம் என்கிறோம். பட்டறையில் பி.டபிள்யூ.எம். என்பார்கள். ஒரு சுற்றில் திறந்திருக்கும் நேரத்தின் பங்கை அங்கே ‘டியூட்டி’ என்பது வழக்கம். நாம் இயங்கு பங்கு என்று சொல்வோம்.

ஒரே அலைக்கு இரண்டு விடைகள்

12 வோல்ட் துடிப்பு. இயங்கு பங்கு 25 விழுக்காடு. அதாவது, சுற்றின் கால் பங்கு நேரம் 12 வோல்ட். முக்கால் பங்கு நேரம் சுழி. இந்த அலையின் அழுத்தம் எவ்வளவு?

“12-இல் கால் பங்கு 3 வோல்ட்” என்று உடனே விடை வரும். சராசரியைக் கேட்டிருந்தால் அது சரியே. இப்போது இந்த அலையை 6 ஓம் தடையுள்ள வெப்பக் கம்பி ஒன்றுக்குக் கொடுப்போம். கம்பியில் எவ்வளவு வெப்பத் திறன் தோன்றும்? அழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் திறன் கிடைக்கும். 3-இன் வர்க்கம் 9. அதை 6-ஆல் வகுக்க 1.5 வாட். இது தவறான விடை.

கம்பியின் பக்கத்திலிருந்து பார்ப்போம். கம்பிக்கு 3 வோல்ட் என்ற அழுத்தம் ஒரு கணமும் கிடைப்பதில்லை. திறந்திருக்கும் வேளையில் அது காண்பது முழு 12 வோல்ட். அப்போது திறன் 144-ஐ 6-ஆல் வகுத்த 24 வாட். அது கால் பங்கு நேரம் மட்டும் நீடிப்பதால், முழுச் சுற்றுக்கும் சராசரித் திறன் 6 வாட். நாம் முதலில் சொன்ன 1.5 வாட்டைப் போல் இது நான்கு மடங்கு! சராசரியை நம்பி 2 வாட் தாங்கும் தடையை வாங்கிப் பொருத்தியவரின் தடை கருகிப் போவதில் வியப்பில்லை அன்றோ?

6 ஓம் தடையில் 6 வாட் வெப்பத்தைத் தரவல்ல சீரான அழுத்தம் எது? 6 வோல்ட். ஆகவே, வெப்பத்தைப் பொறுத்தவரை இந்தத் துடிப்பு அலை 6 வோல்ட் பாட்டரிக்குச் சமம். இதையே பயனுறு மதிப்பு என்றும், ஆர்.எம்.எஸ். மதிப்பு என்றும் கூறுகிறோம். இதைக் காணும் வழி எளிது. ஒவ்வொரு கணத்து அழுத்தத்தையும் வர்க்கமாக்குக. அந்த வர்க்கங்களின் சராசரியைக் காண்க. பின்னர் அதற்கு வர்க்கமூலம் எடுக்க. முதலில் வர்க்கம், பிறகு சராசரி, இறுதியில் மூலம். இந்த வரிசை மாறக்கூடாது.

சுழிக்கும் ஓர் உச்சத்துக்கும் இடையே துடிக்கும் அலைக்கு இதிலிருந்து ஒரு சிறு விதி கிடைக்கிறது. சராசரி என்பது உச்ச அழுத்தத்தை இயங்கு பங்கால் பெருக்கியது. பயனுறு மதிப்பு என்பது உச்ச அழுத்தத்தை இயங்கு பங்கின் வர்க்கமூலத்தால் பெருக்கியது. 0.25-இன் மூலம் 0.5, ஆகவே 12 வோல்ட்டில் பாதி, 6 வோல்ட்.

அலை சுழியைத் தொடாமல், சரிபாதி நேரம் கூட்டல் 12, சரிபாதி நேரம் கழித்தல் 12 என்று மாறினால் நிலைமை இன்னும் விந்தையானது. சராசரி சுழி; பயனுறு மதிப்போ முழு 12 வோல்ட். நேர்மின் அளவில் வைத்த மீட்டர் சுழியைக் காட்டும்; கம்பியைத் தொட்டால் கை சுடும்.

நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் என்பதும் பயனுறு மதிப்பே. அந்தச் சைன் அலையின் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். முழுச் சுற்றின் சராசரி சுழி. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு தமிழ்நாட்டோடும் நெய்யாற்றின்கரை கேரளத்தோடும் நின்றன. மின்கட்டண அட்டை எல்லைக்கு இப்பால் ஒன்று, அப்பால் ஒன்று; ஆனால் 230 வோல்ட், 50 சுற்று என்னும் அளவு இரு பக்கத்துக்கும் ஒன்றே.

மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

இனி கடைக்காரர் கையிலுள்ள மல்டிமீட்டரைப் பார்ப்போம். விலை குறைந்த மீட்டர்கள் பெரும்பாலும் பயனுறு மதிப்பை நேராக அளப்பதில்லை. மாறுமின் அலையை ஒருபக்கமாகத் திருப்பி, அதன் சராசரியை எடுத்து, 1.11 என்ற எண்ணால் பெருக்கிக் காட்டுகின்றன. சைன் அலைக்கு இந்தப் பெருக்கல் மிகச் சரி. அலையின் வடிவம் மாறினால் 1.11 என்ற எண்ணுக்குப் பொருளில்லை.

இன்வெர்ட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘மாடிஃபைட் சைன் வேவ்’ என்று விற்கப்படும் வகையில் வருவது உண்மையில் சைன் அலை அன்று. கூட்டல் உச்சம், சுழி, கழித்தல் உச்சம், சுழி என்று படிப்படியாக மாறும் அலை அது. உச்சம் 325 வோல்ட் என்றும், பாதி நேரம் உச்சத்திலும் பாதி நேரம் சுழியிலும் இருக்கிறதென்றும் கொள்வோம். 0.5-இன் மூலம் 0.707, ஆகவே பயனுறு மதிப்பு ஏறத்தாழ 230 வோல்ட். கருவி நலமாக உள்ளது. ஆனால் விலை குறைந்த மீட்டர் என்ன காட்டும்? 325-இல் பாதி 162.5, அதை 1.11-ஆல் பெருக்க, சுமார் 180 வோல்ட்.

“அழுத்தம் குறைவாக இருக்கிறது” என்று கருதி, மீட்டரில் 230 தெரியும்வரை ஒருவர் துடிப்பின் அகலத்தைக் கூட்டினால் என்னாகும்? இயங்கு பங்கு 64 விழுக்காட்டை எட்டும். அப்போது உண்மையான பயனுறு மதிப்பு ஏறத்தாழ 260 வோல்ட். வெப்பம் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், அதில் இணைத்த இழை விளக்கும் வெப்பக் கருவியும் கால் பங்குக்கு மேல் கூடுதலாகச் சூடேறும். கருவியில் பழுதில்லை, பழுதுபார்த்தவரிடம் கவனக்குறைவும் இல்லை. அளந்த எண்ணைத் தவறாகப் பொருள் கொண்டதே பிழை.

‘ட்ரூ ஆர்.எம்.எஸ்.’ என்று எழுதிய மீட்டர் இந்த இடரைப் பெரிதும் நீக்கும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. அவ்வகை மீட்டர்களுள் பல, மாறுமின் அளவில் வைத்தால் அலையிலுள்ள நேர்மின் பகுதியை விலக்கிவிட்டு, மாறும் பகுதியை மட்டுமே அளக்கின்றன. நமது 12 வோல்ட், 25 விழுக்காடு அலையை அதில் வைத்தால் 6 வராது, 5.2 வோல்ட் வரும். நேர்மின் அளவில் தனியாக 3 வோல்ட் வரும். இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 27-ம் 9-ம் சேர்ந்து 36. அதன் மூலம் 6. மீட்டரின் விளக்கச் சிறுநூலில் இதைப் பற்றி எழுதியிருக்கும். படித்துப் பார்ப்பது நலம்.

கணிப்பொறிக்குள் ஓர் ஆய்வுக்கூடம்

அலைகாட்டியோ நல்ல மீட்டரோ எல்லா மாணவர்க்கும் கிடைப்பதில்லை. ஆனால், மின்சுற்றைக் கணிப்பொறியிலேயே கட்டி இயக்கிப் பார்க்கும் வழி இன்று அனைவர்க்கும் திறந்திருக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் லாரன்ஸ் நேகல் உருவாக்கிய ‘ஸ்பைஸ்’ என்னும் நிரல் 1973-இல் வெளியுலகுக்கு அறிமுகமாயிற்று. அதன் வழிவந்தவையே என்ஜிஸ்பைஸ், எல்டிஸ்பைஸ் முதலிய மென்பொருள்கள். இவ்விரண்டும் விலையின்றிக் கிடைக்கின்றன. மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டத்தார் உருவாக்கிய ‘ஈசிம்’ என்னும் இலவச மென்பொருளும் உள்ளே என்ஜிஸ்பைஸையே பயன்படுத்துகிறது.

நம் 12 வோல்ட் சோதனையை அதில் செய்வோம். ‘பல்ஸ்’ என்னும் மின்மூலத்தை எடுத்தால் ஏழு எண்களைக் கேட்கும். தாழ்நிலை 0 வோல்ட், உச்சம் 12 வோல்ட், தாமதம் 0, ஏறும் நேரம் 1 மைக்ரோ விநாடி, இறங்கும் நேரம் 1 மைக்ரோ விநாடி, அகலம் 249 மைக்ரோ விநாடி, சுற்றுக் காலம் 1000 மைக்ரோ விநாடி. அகலம் என்பது உச்சத்தில் நிற்கும் நேரம் மட்டுமே. ஏற்றமும் இறக்கமும் அதில் சேரா. எனவேதான் 250 என்னாமல் 249 என்கிறோம். இதனோடு 6 ஓம் தடையை இணைத்து, 20 மில்லி விநாடி இயக்குக. பிறகு ‘மெஷர்’ கட்டளையால் 10 முதல் 20 மில்லி விநாடி வரையுள்ள பகுதிக்குச் சராசரியையும் ஆர்.எம்.எஸ். மதிப்பையும் கேட்க. சராசரி 3 வோல்ட், ஆர்.எம்.எஸ். 6 வோல்ட்டுக்கு மிக நெருக்கமாக 5.996 என்று வரவேண்டும். எல்டிஸ்பைஸில் அலையின் பெயர்மீது கண்ட்ரோல் விசையை அழுத்தியவாறு சொடுக்கினாலும் இவ்விரு எண்களும் தோன்றும்.

விடை இவ்வாறு வராமல் வேறாக வந்தால், கீழ்க்கண்ட நான்கு இடங்களில் ஒன்றில் காரணம் இருக்கும்.

முதலாவது, அளக்கும் கால அளவு. அது முழுச் சுற்றுகளாகவே இருக்க வேண்டும். ஒரு துடிப்பின் தொடக்கத்திலிருந்து 1.25 சுற்றுக்கு மட்டும் அளந்தால், அதனுள் இரண்டு துடிப்புகள் அகப்படும். பயனுறு மதிப்பு 7.6 வோல்ட் என்று வரும். 10.25 சுற்றுக்கு அளந்தால் பிழை குறைந்து 6.2 ஆகும், ஆனாலும் பிழையே. எல்டிஸ்பைஸில் சொடுக்கிக் காணும்போது, திரையில் தெரியும் பகுதிக்கே கணக்கிடப்படுகிறது. ஆகவே படத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கினால் விடையும் மாறும்! பலரை மயக்குவது இதுவே.

இரண்டாவது, தொடக்க நிலை. சுற்றில் மின்தூண்டியோ மின்தேக்கியோ இருந்தால், மின்சாரம் நிலைபெறச் சிறிது நேரமாகும். 10 மில்லி ஹென்றி தூண்டியும் 2 ஓம் தடையும் தொடராக இருந்தால் அதன் கால மாறிலி 5 மில்லி விநாடி. அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 25 மில்லி விநாடி, கழிந்த பின்னரே ஓட்டத்தை அளக்கத் தொடங்க வேண்டும்.

மூன்றாவது, துடிப்பின் விளிம்பு. ஏறும் நேரத்தைச் சுழி என்று எழுதினால் அலை செங்குத்தாக ஏறும் என்று எண்ணுவோம். என்ஜிஸ்பைஸ் அவ்வாறு செய்யாது. சுழிக்குப் பதிலாக நாம் கொடுத்த நேரப் படியையே ஏறும் நேரமாகக் கொள்ளும். படி 10 மைக்ரோ விநாடி, அகலம் 250 என்றால் விடை 6.08 ஆகிவிடும். சுற்றுக் காலம் குறையக் குறைய இப்பிழை பெருகும். ஆகவே ஏறும் நேரத்தையும், மிகப்பெரிய நேரப் படியையும் நாமே எழுதிவிடுவது நலம். நமது சோதனைக்கு 1 மைக்ரோ விநாடிப் படி போதும்.

நான்காவது, புள்ளிகளின் இடைவெளி. ஸ்பைஸ் சம இடைவெளியில் நடப்பதில்லை. அலை வேகமாக மாறும் விளிம்பில் நெருக்கமாகவும், சமநிலத்தில் தாவியும் புள்ளிகளை இடும். அப்புள்ளிகளை அட்டவணை மென்பொருளுக்குக் கொண்டுபோய், வர்க்கங்களைக் கூட்டிப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், விளிம்புக்கு மிகை மதிப்புக் கிடைத்துவிடும். ஒவ்வொரு வர்க்கத்தையும் அது நீடித்த நேரத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். ‘மெஷர்’ கட்டளை இதைத் தானே செய்துகொள்கிறது.

விடை சரியா என்று சோதிக்கவும் ஒரு வழியுண்டு. தடையிலுள்ள அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால் கணத்திறன் கிடைக்கும். அதன் சராசரியைக் கேளுங்கள்; 6 வாட் வரும். அதைத் தடையின் 6 ஓமால் பெருக்கி மூலம் எடுத்தால் 6 வோல்ட். இரு வழிகளும் ஒன்றுபட்டால் ஐயம் தீர்ந்தது.

சராசரிக்கும் வேலை உண்டு

இவ்வளவு சொன்னதால் சராசரியை ஒதுக்கிவிடலாம் என்று கொள்ளவேண்டா. சாதாரண நேர்மின் மோட்டாருக்குத் துடிப்பு மின்சாரம் கொடுத்தால், அதன் வேகத்தைப் பெரும்பாலும் ஆள்வது சராசரி அழுத்தமே. மோட்டார்ச் சுருளின் தூண்டல் ஓட்டத்தைச் சமன்செய்துவிடுவதால், துடிப்பின் ஏற்றத்தாழ்வு ஓட்டத்தில் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆனால் சுருள் சூடாவது ஓட்டத்தின் பயனுறு மதிப்பைப் பொறுத்தது. எனவே மோட்டார் எவ்வளவு வேகம் ஓடும் என்பதற்கு அழுத்தத்தின் சராசரி. எவ்வளவு சூடாகும் என்பதற்கு ஓட்டத்தின் ஆர்.எம்.எஸ். அழுத்தத்தின் ஆர்.எம்.எஸ்.ஸை ஓட்டத்தின் ஆர்.எம்.எஸ்.ஸால் பெருக்கி, அதுவே மோட்டார் உண்ணும் திறன் என்பது தவறு. கணத்திறனின் சராசரியே உண்மைத் திறன். மின் ஆட்டோவின் கட்டுப்பாட்டுப் பெட்டியை ஆராய விரும்புவோர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நமக்கு ஏன் இது?

பிழைப்புத் தேடி நெல்லைச் சீமையிலிருந்து பாறசாலைக்குக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுள் பலர் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம் என்று ஒரே இயற்பியலை மூன்று மொழிகளினூடே கற்கிறார்கள். சூத்திரம் மனப்பாடமாகிவிடுகிறது, பொருள் எந்த மொழியிலும் ஒட்டாமல் நின்றுவிடுவதும் உண்டு. ‘ரூட் மீன் ஸ்குயர்’ என்று ஒப்பிக்கும் மாணவரிடம், “கம்பி எவ்வளவு சுடும்?” என்று தாய்மொழியில் கேட்டுப் பாருங்கள். சிந்தனை அங்கேதான் தொடங்கும்.

வாய்ப்பும் தொலைவில் இல்லை. திறன் மின்னணுவியல் ஆய்வுக்காக 2004-இல் தொடங்கப்பட்ட ‘நாம்பெட்’ என்னும் தேசிய இயக்கத்துக்கு மையமாக விளங்கியது திருவனந்தபுரத்துச் சி-டாக் நிறுவனமே. பாறசாலையில் காலை வண்டி ஏறினால் அந்நகரை எட்டிவிடலாம். அத்தகைய இடங்களுக்குள் நம்மவர் நுழைய வேண்டுமானால், எண்ணைப் படிப்பதோடு நில்லாமல், அந்த எண் எந்தக் கேள்விக்கு விடை என்று கேட்கும் பழக்கம் வேண்டும்.

நண்பர்கள் செய்து பார்க்கச் சிறு பயிற்சி ஒன்றைத் தருகிறேன். அதே 12 வோல்ட் துடிப்பை 10, 50, 90 விழுக்காடு இயங்கு பங்குகளில் மென்பொருளில் இயக்குங்கள். சராசரி முறையே 1.2, 6, 10.8 வோல்ட் வரும். ஆர்.எம்.எஸ். மதிப்பு 3.79, 8.49, 11.38 என்று வரவேண்டும். இயங்கு பங்கு சிறுத்தால் இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள விகிதம் விரிகிறது, பெருத்தால் நெருங்குகிறது. அகலம் குறைந்த துடிப்பில்தான் சராசரி நம்மைப் பெரிதும் ஏமாற்றும் என்பதை அவ்வெண்களிலிருந்தே நீங்கள் காணலாம்.